சேலத்துல பர்சனல் ட்ரெயினரா பொழைக்க முடியுமா? கோர்ஸ், சம்பளம் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

அம்மாபேட்டை_தம்பி:

எல்லாருக்கும் வணக்கங்க. வயசு 23, பி.காம் முடிச்சிருக்கேன், இப்போதைக்கு செவ்வாய்ப்பேட்டைல ஒரு மொத்த மளிகைக் கடைல கணக்கு எழுதிட்டு இருக்கேன். காலேஜ் படிக்கறப்ப இருந்து ஜிம்முக்குப் போறேன், உடம்பு ஏத்தணும்னு ஆரம்பிச்சது, அப்புறம் இந்த எக்சர்சைஸ் ஏன் இந்த மசில்ல பிடிக்குது, சிலருக்கு மட்டும் ஸ்குவாட்ல உக்காரும்போது ஏன் குதிகால் தூக்குதுன்னு யோசிக்க ஆரம்பிச்சு இப்ப நாள் பூரா அதுதான் மண்டைல ஓடுது. எங்க ஏரியா ஜிம்ல மாஸ்டர் லேட்டா வர்ற அன்னைக்கு புதுப் பசங்களுக்கு நான்தான் சொல்லித்தர்றேன், அவங்களுக்கு ஃபார்ம் (பயிற்சி செய்யற முறை) சரியா வந்துட்டா எனக்கு வர்ற சந்தோஷம் கடைல கணக்கு டேலி ஆகும்போது வர்றதே இல்லைங்க.

இதையே தொழிலா எடுத்துக்கலாமான்னு ஆசை. நம்ம ஊர்ல தனியா காசு குடுத்து பர்சனல் ட்ரெயினிங் சேர்றாங்களா, இல்ல சென்னை பெங்களூர்னு போயாகணுமா? ஏஸ் (ACE), நாசம் (NASM), கே லெவன் (K11)னு ஆளாளுக்கு ஒரு கோர்ஸ் பேரைச் சொல்றாங்க, எதுக்கு மதிப்பு? நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இங்கிலீஷ் படிச்சா புரியும், பேச்சு வராது. 40 வயசுக்கு மேல இந்த வேலைல என்ன பண்றதுன்னும் பயமா இருக்கு. அப்பா தறி ஓட்டறவர், "படிச்ச புள்ள தண்டால் எடுக்க சொல்லித்தர்றது ஒரு உத்தியோகமா"ன்னு கேக்கறார், அவருக்கு பதில் சொல்ற அளவுக்கு எனக்கே தெளிவு இல்லைங்க. ஃபீல்டுல இருக்கறவங்க நிலவரம் சொல்லுங்க.

அஸ்தம்பட்டி_மாஸ்டர்:

தம்பி, பொழைக்க முடியும். நான் இதுலதான் குடும்பம் நடத்தறேன், ரெண்டு புள்ளைங்களைப் படிக்க வைக்கறேன். ஆனா உன் மனசுல இருக்கற க்ளையண்ட் யாருன்னு முதல்ல யோசி. சிக்ஸ் பேக் கேக்கற 20 வயசுப் பையன் பிடிக்கு, அதாவது பர்சனல் ட்ரெயினிங்குக்கு, காசு குடுக்கறது ரொம்பக் கம்மி, அவன் வீடியோ பாத்து தானே பண்ணிக்குவான். இந்த ஊர்ல மாசாமாசம் தவறாம காசு கட்டி வருஷக்கணக்கா நிக்கறது யாருன்னா, சுகர் வந்துருச்சு எடையைக் குறைங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்பின 45 வயசு ஆளு, நாள் பூரா கல்லாவுல உக்காந்து இடுப்பு பிடிச்சுப்போன கடை முதலாளி, மாடிப்படி ஏறினா முட்டி வலிக்குதுங்கற ஸ்டீல் பிளான்ட்ல ரிட்டயர்டு ஆன சார், இவங்கதான். நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர் இருக்குன்னு 2023ல ஐசிஎம்ஆர் ஆய்வுல வந்துச்சே, அதுல நம்ம ஊர் ஆளுங்களும் இருக்காங்க. அவங்களை பயமில்லாம நடக்க வைக்க, உக்காந்து எந்திரிக்க வைக்க, எடை தூக்க வைக்கத் தெரிஞ்ச ட்ரெயினர் சேலத்துல போதுமான அளவு இல்ல, அந்த எடம் காலியாத்தான் இருக்கு.

காசு விவரம் கேட்டல்ல. புதுசா ப்ளோர் ட்ரெயினரா (ஜிம்ல எல்லாருக்கும் பொதுவா சொல்லித்தர்றவரா) சேர்ந்தா நான் பாத்த வரைக்கும் 10,000ல இருந்து 15,000க்குள்ள குடுப்பாங்க, அதை மட்டும் வச்சுப் பாத்தா உங்கப்பா கேக்கறது நியாயமாத்தான் தெரியும். வருமானமே பிடிலதான் இருக்கு, க்ளையண்ட் ஜிம்முல கட்டற தொகைல ட்ரெயினருக்கு ஒரு பங்கு, சில எடத்துல 40 சதவீதம், சில எடத்துல பாதி, சில எடத்துல அதுக்கு மேலயும் உண்டு. சேரும்போதே பங்கு எவ்வளவு, எந்த தேதில கைக்கு வரும், க்ளையண்ட் பாதில நின்னுட்டா என்ன கணக்கு, நீ வெளிய போனா உன் க்ளையண்டை என்ன பண்ணுவாங்க, இதெல்லாம் எழுத்துல வாங்கிரு. வாய் வார்த்தையை நம்பி சேர்ந்து கடைசில மூணு மாசப் பங்கு வராம வெளிய வந்த பசங்களை நான் பாத்திருக்கேன், நல்லா சொல்லித்தர்ற பசங்க, வேற வேலைக்கே போயிட்டாங்க, அதை நினைச்சா இன்னிக்கும் வருத்தமா இருக்கு.

நேரம் பத்தியும் வீட்ல முன்னாடியே சொல்லிரு. காலைல 5 மணிக்கு ஷட்டர் தூக்கணும், 10 மணி வரைக்கும் கூட்டம், மறுபடி சாயங்காலம் 4ல இருந்து 9:30 வரைக்கும். ஜனவரில கூட்டம் அள்ளும், ஆடில கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தா ஊரே அங்கதான் இருக்கும், ஜிம்ல பாதி ஆள் வராது, தீபாவளி சமயமும் அப்படித்தான். பிடி வருமானத்துல இருக்கறவன் அந்த மாசங்களுக்கு முன்னாடியே எடுத்து வைக்கணும். மத்தியானம் கிடைக்கற ஆறு மணி நேரம் இருக்கே, அதுல வீட்டுக்குப் போய் சொல்லித்தர்ற பிடி ஒண்ணு ரெண்டு எடுக்கலாம், மீதி நேரம் படிக்கலாம்.

இன்னொண்ணு, இதை நீளமாவே சொல்றேன். ஜிம்ல வேலைக்கு சேர்ந்த கொஞ்ச நாள்லயே யாராவது வந்து ஊசி, மாத்திரை, "சைக்கிள்" (சில வாரம் ஸ்டீராய்டு ஏத்தி நிறுத்தறது)னு பேச்சைக் கொண்டு வருவாங்க. ட்ரெயினர் கைல குடுத்தா பசங்க நம்பி வாங்குவாங்க, ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு கமிஷன்னு ஆசை காட்டுவாங்க. அந்தப் பக்கமே போயிராத தம்பி. அனபாலிக் ஸ்டீராய்டுங்கறது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து. வெளிய இருந்து ஏத்த ஏத்த உடம்பு சொந்தமா டெஸ்டோஸ்டிரோன் சுரக்கறதை நிறுத்திரும், விந்தணு குறையும், நல்ல கொலஸ்ட்ரால் விழுந்துரும், இதயத் தசை தடிச்சுப் போகும், வாய் வழியா போடற மாத்திரைன்னா ஈரலும் சேர்ந்து அடி வாங்கும். 19, 20 வயசுப் பையன் நம்மளை மாஸ்டர்னு கூப்பிடறான், அவங்க வீட்ல நம்மளை நம்பி அனுப்பறாங்க. நாலு பேர் தோள் பெருசாகணும்னு ஒரு பையனோட பிற்காலத்தைக் கெடுக்கறதுக்கு நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

குகை_ஜிம்_ஃபேன்:

நானும் இதே கேள்வியோடதான் சுத்திட்டு இருக்கேன், பதில் போடறவங்க கோர்ஸ் ஃபீஸ் விஷயமும் கொஞ்சம் சொல்லுங்க ப்ரோ, ஃபாலோ பண்றேன்.

பெங்களூர்_ரிட்டர்ன்:

மாஸ்டர் அண்ணா சொன்னதுல ஒரு விஷயத்துல மட்டும் நான் மாறுபடறேன். முதல் ரெண்டு வருஷம் வெளியூர் போறது நல்லதுன்னு நினைக்கறேன். நான் பெங்களூர்ல ஒரு பெரிய ஜிம்ல இருந்துட்டு வந்தேன், அங்க ஒரே ஷிஃப்ட்ல ஐடி ஆளு, மாரத்தான் ஓடறவங்க, ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்கன்னு எல்லா வகையும் கண்ணுக்கு முன்னாடி வரும், சீனியர் ட்ரெயினர் எப்படி கேள்வி கேக்கறார், எப்படி ப்ரோக்ராம் எழுதறார்னு பக்கத்துல நின்னு பாக்கலாம். சேலத்துல அந்த மாதிரி சீனியர் கிடைச்சா அதிர்ஷ்டம். ஆனா ரூம் வாடகை, சாப்பாடு போக கைல ஒண்ணும் நிக்காது, அதையும் சொல்லிடறேன்.

சர்டிபிகேட் பத்தி. ஏஸ், நாசம், என்எஸ்சிஏ, ஏசிஎஸ்எம் இதெல்லாம் அமெரிக்க அமைப்புங்க, துபாய், கத்தார், கப்பல் வேலைன்னு போக நினைச்சா இதுல ஒண்ணு இருந்தா நல்லது. ஏஸ் பரீட்சை 150 கேள்வி, 3 மணி நேரம், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கற மாதிரிதான், 800க்கு 500 எடுத்தா பாஸ். நாசம் 120 கேள்வி, 2 மணி நேரம். ஏஸ் எழுத 18 வயசு முடிஞ்சிருக்கணும், சிபிஆர் (இதயம் நின்னுட்டா நெஞ்சை அழுத்திக் குடுக்கற முதலுதவி) சர்டிபிகேட் கைல இருக்கணும். வாங்கிட்டா வாழ்நாள் பூரா ஓடாது, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 20 மணி நேரத்துக்கு தொடர்கல்வி படிச்சுக் காட்டி புதுப்பிக்கணும், ஃபீஸ் கட்டும்போது இதையும் கணக்குல சேத்துக்கங்க. ஃபீஸ் டாலர்ல இருக்கறதால ரூபா கணக்கு மாறிட்டே இருக்கும், ஆஃபர் வர்ற சமயத்துல விலை நல்லாவே குறையும், அவங்க சைட்லயே பாருங்க, நடுவுல ஏஜென்ட் வேண்டாம்.

கே லெவன் மும்பைல ஆரம்பிச்ச நம்ம நாட்டு அகாடமி, நம்ம சாப்பாடு நம்ம ஆளுங்க உடம்பை வச்சுச் சொல்லித்தருவாங்க. அப்புறம் விளையாட்டு, உடற்கல்வி, ஃபிட்னெஸ் துறைக்குன்னு ஒரு செக்டர் ஸ்கில் கவுன்சில் இருக்கு, ஸ்பெஃபல்னு சொல்வாங்க, ஸ்கில் இந்தியாவோட சேர்ந்தது, ஃபிட்னெஸ் ட்ரெயினர் கோர்ஸ் அதுலயும் இருக்கு, கைல காசு கம்மியா இருந்தா அதையும் விசாரிங்க. டிகிரியா படிக்கணும்னா சென்னை மேலக்கோட்டையூர்ல தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கு. ஒரே வார இறுதில "சர்டிபைடு மாஸ்டர் ட்ரெயினர்" ஆக்கறோம்னு சொல்ற எடத்துக்கு மட்டும் காசு கட்டாதீங்க, அந்த பேப்பரை எந்த ஜிம்லயும் மதிக்க மாட்டாங்க.

அழகாபுரம்_அக்கா:

தம்பி, நான் பெண்களுக்கு மட்டும் ட்ரெயினிங் குடுக்கறேன், ஜிம்ல ஒரு பேட்ச், மீதி வீட்டுக்குப் போய். உன் கேள்விக்கு நேர் பதில் மத்தவங்க சொல்லிட்டாங்க, நான் என் பக்கத்தை சொல்றேன், ஏன்னா இதைப் படிக்கற தங்கச்சிங்க யாராவது இருப்பீங்க. சேலத்துல பெண் ட்ரெயினருக்கு இருக்கற தேவை ரொம்பப் பெருசு. புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு 10:30க்கு வர்ற அம்மாக்கள், பிசிஓடின்னு டாக்டர் சொல்லி வர்ற காலேஜ் பொண்ணுங்க, குழந்தை பொறந்து வயிறு இன்னும் உள்ள போகலைன்னு கண் கலங்கி உக்கார்றவங்க, இவங்கள்ல பலபேர் ஆம்பளை ட்ரெயினர்கிட்ட வாயைத் திறந்து பிரச்சனையைச் சொல்லவே மாட்டாங்க.

பிரசவம் முடிஞ்சு வர்றவங்களை எடுத்தவுடனே க்ரஞ்சஸ் (படுத்துட்டு தோளைத் தூக்கற வயித்துப் பயிற்சி) போட வைக்கறது எனக்கு ஆகவே ஆகாத விஷயம். வயித்து நடுவுல ரெண்டு பக்கத் தசையும் விலகி இருக்கும், அதை விரலை வச்சுப் பாத்து, மூச்சுப் பயிற்சி, இடுப்பு அடித்தளத் தசைன்னு அடில இருந்து ஏத்தணும். டாக்டர் ஓகே சொன்ன பிறகுதான் ஆரம்பிக்கணும், சிசேரியன்னா இன்னும் நிதானமா. அப்புறம் ரத்த சோகை. தேசிய குடும்ப நல ஆய்வுல, 2019-21ல எடுத்தது, 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல 100க்கு 57 பேருக்கு ரத்த சோகைன்னு வந்துச்சு. ரெண்டு செட் பண்ணினதும் மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுதுன்னு ஒரு அக்கா சொன்னா "ஸ்டாமினா இல்ல"ன்னு கத்தக் கூடாது, ஹீமோகுளோபின் பாத்துட்டு வாங்கக்கான்னு அனுப்பணும். வீட்ல எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சம் இருக்கறதை சாப்பிடற பெண்களுக்கு நாமதான் முட்டை, கொள்ளு, முளைகட்டின பயறு, கீரைன்னு ஞாபகப்படுத்தணும்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. உன்கிட்டயும் பெண் க்ளையண்ட் வருவாங்க. ஃபார்ம் திருத்த தொட வேண்டியிருந்தா கேட்டுட்டுத் தொடு, முடிஞ்ச வரைக்கும் நீ செஞ்சு காட்டியோ வார்த்தைல சொல்லியோ திருத்து. ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் அனுப்பாத. இந்த ஊர்ல பேர் ஒரு தடவை கெட்டுச்சுன்னா அஞ்சு ரோடுல இருந்து நாலு ரோடு வர்றதுக்குள்ள எல்லா ஜிம்முக்கும் தெரிஞ்சிரும்.

பிசியோ_ஃபேர்லேண்ட்ஸ்:

பிசியோதெரபிஸ்டா இருக்கேன், ட்ரெயினருங்க அனுப்பற ஆளுங்களும் வருவாங்க, ட்ரெயினிங்ல அடிபட்டு வர்றவங்களும் வருவாங்க, அதனால இந்தப் பேச்சுல எனக்கு அக்கறை ஜாஸ்தி.

தம்பி குதிகால் தூக்கறதைக் கவனிச்சிருக்கார் பாருங்க, அந்தக் கண்ணுதான் இந்த வேலைக்கு வேணும். பெரும்பாலும் கணுக்கால் முன்னாடி மடங்கறது போதாததாலதான் அப்படி வரும், கெண்டைக்கால் இறுக்கமும் காரணமா இருக்கும், சிலருக்கு தொடை எலும்பு நீளத்துனாலயும் உக்கார கஷ்டமா இருக்கும். குதிகாலுக்கு அடில சின்ன பிளேட் வச்சு உக்கார வச்சுப் பாருங்க, உடனே நல்லா இறங்கினா கணுக்கால்தான் பிரச்சனை. நம்ம ஊர் தொழில்களையும் பாருங்க. வெள்ளிக் கொலுசு பட்டறைல தரைல உக்காந்து கழுத்தைக் குனிஞ்சே பத்து மணி நேரம் பத்த வைக்கறவங்க, குழித்தறில கால் மாத்தி மாத்தி மிதிக்கறவங்க, விசைத்தறில ராத்திரி ஷிஃப்ட் பூரா நின்னுட்டே இருக்கறவங்க, ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி இறுகிக் கிடக்கும். கொலுசு வேலை செய்யறவருக்கு முதல் நாளே பெஞ்ச் பிரஸ் (படுத்துட்டு எடையை மேல தள்ளறது) போட வச்சா முன்பக்கத் தோள் இன்னும் இழுத்துக்கும், அவருக்கு முதல்ல முதுகுப் பக்கம் இழுக்கற பயிற்சி, மேல் முதுகு அசைவு, இடுப்பு திறக்கறதுன்னு போகணும். வீட்ல தறி ஓட்டற அப்பா இருக்கார்ல, அவர் எப்படி நிக்கறார், எந்தப் பக்கம் சாயறார்னு நாளைக்கே பாருங்க தம்பி, எந்தக் கோர்ஸ்லயும் இது வராது.

புது ஆள் வந்தா பார்-க்யூன்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, பொதுவான கேள்வி ஏழு, நெஞ்சு வலி வருதா, மயக்கம் வந்திருக்கா, என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு எல்லாம் அதுல வரும். அதைத் தமிழ்ல வாய்விட்டுக் கேளுங்க, பேப்பரை நீட்டினா எல்லாரும் "இல்லை இல்லை"ன்னு டிக் போட்டுட்டுப் போயிருவாங்க. சுகர் ஆளுங்க இன்சுலின் போட்டாலோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிட்டாலோ பயிற்சி நடுவுல சுகர் இறங்கலாம், வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல்னு வந்தா உடனே நிறுத்தி சுகர் பாக்கணும், 70க்கு கீழ இருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரை கரைச்சுக் குடுத்து 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாக்கணும். பாக்க மெஷின் இல்லைன்னா சர்க்கரையை முதல்ல குடுத்துருங்க. இன்சுலின் போடறவங்களுக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே 90க்கு கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்ட பிறகுதான். பாதம் மரத்துப் போனவங்களை வெறுங்காலோட ஓட விடாதீங்க, புண்ணு வந்தாலே அவங்களுக்குத் தெரியாது.

பிபிக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு நாடித் துடிப்பு மத்தவங்க அளவுக்கு ஏறாது. 220ல வயசைக் கழிச்சு நாடித் துடிப்புக்கு டார்கெட் வச்சு அவங்களை விரட்டினா ஆபத்து. பேசிட்டே செய்ய முடியுதான்னு பாக்கறதுதான் அவங்களுக்கு அளவு. முதுகு வலி கால் வரைக்கும் இறங்கி மரத்துப் போகுது, யூரின் கட்டுப்பாடு போகுதுன்னு யாராவது சொன்னா ஸ்ட்ரெச்சிங் சொல்லித்தராதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி. எங்க நிறுத்தி டாக்டர்கிட்ட அனுப்பணும்னு தெரிஞ்ச ட்ரெயினருக்குத்தான் நாங்களும் நம்பி எங்க பேஷண்டை அனுப்புவோம், அப்படி அனுப்பறதுலயே அவங்க பிடி நிரம்பிரும்.

ஏற்காடு_ரன்னர்:

ஜிம்முக்குள்ளயே பேசிட்டு இருக்கீங்க, வெளியவும் வேலை இருக்குங்க. நான் எஸ்டேட் பக்கம் இருக்கேன், ஏற்காட்டுல ஜிம் வச்சுப் பொழைக்கற அளவுக்கு ஆள் இல்ல, அது உண்மை. ஆனா அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்துக்கு சைக்கிள்ல வர்ற கூட்டத்தை ஞாயித்துக்கிழமை விடியக்காலைல பாருங்க. அவங்கள்ல பாதிப்பேருக்கு கால் வலுவுக்கு என்ன பண்ணணும்னு தெரியாது, வெறும் சைக்கிள்தான் மிதிப்பாங்க, முட்டி போன பிறகு யோசிப்பாங்க.

கீழ காந்தி ஸ்டேடியத்துல காலைல பாத்தா கான்ஸ்டபிள் பிசிக்கலுக்கு ஓடற பசங்க பொண்ணுங்க. பசங்களுக்கு 1,500 மீட்டர் 7 நிமிஷத்துல, பொண்ணுங்களுக்கு 400 மீட்டர் 2 நிமிஷம் 30 செகண்ட்ல முடிக்கணும், அதுல தோத்தா எழுத்துத் தேர்வு மார்க்கு எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்ல. தினமும் அதே தூரத்தை முழு வேகத்துல ஓடி முழங்காலுக்கு கீழ எலும்பு வலி வந்து பரீட்சை நேரத்துல படுத்துக்கற பிள்ளைங்களைப் பாத்தா பாவமா இருக்கு. மெதுவான ஓட்டம் எத்தனை நாள், வேக ஓட்டம் எத்தனை நாள், கயிறு ஏற கைப்பிடி வலு எப்படின்னு சொல்லித்தர ஆள் இருந்தா அந்தக் குடும்பங்களோட வாழ்க்கையே மாறும். நம்ம மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்ல உயரம் தாண்டுதல்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம் எடுத்தார், அடுத்து டோக்கியோல வெள்ளி, 2024 பாரிஸ்ல வெண்கலம், அவர் ஸ்கூல்ல படிக்கும்போது அவர்கிட்ட இருந்த திறமையைக் கண்டுபிடிச்சது ஒரு பிடி வாத்தியார். கிரிக்கெட்ல சின்னப்பம்பட்டி நடராஜன் ஒரே ஆஸ்திரேலியா டூர்ல மூணு ஃபார்மட்லயும் அறிமுகம் ஆனதுக்கு அப்புறம் நம்ம பக்கம் ஃபாஸ்ட் பவுலிங் போடற பசங்க எத்தனை பேர், அவங்க தோளையும் முதுகையும் யாருங்க பாத்துக்கறது?

அம்மாபேட்டை_தம்பி:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கலைங்க, ரொம்ப நன்றி. பிசியோ சார் சொன்ன மாதிரி நேத்து அப்பா தறிகிட்ட நிக்கறதைப் பாத்தேன், வலது கால்லயே முழு பாரமும் போட்டு நிக்கறார், இடது தோள் இறங்கியிருக்கு, ஏன்டா பாக்கறன்னு கேட்டார். ராத்திரி சாப்பிட்ட பிறகு சுவத்துல முதுகை ஒட்டி நிக்க வச்சு கை தூக்கச் சொன்னேன், இடது கை பாதிக்கு மேல ஏறலை.

இன்னும் ரெண்டு சந்தேகம். பெங்களூர் போற அளவுக்கு வீட்ல வசதி இல்ல, கடை வேலையை உடனே விடவும் முடியாது, அப்ப எங்க இருந்து ஆரம்பிக்கறது? அப்புறம் இங்கிலீஷ்ல அனாடமி படிச்சா தலைக்குள்ள நிக்க மாட்டேங்குது.

அஸ்தம்பட்டி_மாஸ்டர்:

கடை வேலையை விடாத. காலைல 5ல இருந்து 9 வரைக்கும் ஒரு ஜிம்ல பார்ட் டைம் ப்ளோர் ட்ரெயினரா சேரு, சம்பளம் கம்மியா இருந்தாலும் பரவால்ல, நல்ல சீனியர் இருக்கற எடமா பாத்து சேரு, மெஷின் பளபளப்பைப் பாத்து சேராத. பெங்களூர் தம்பி சொன்ன சீனியர் விஷயம் சரிதான், நம்ம ஊர்லயும் அமைதியா வேலை செய்யற நல்ல மாஸ்டருங்க இருக்காங்க, நாலு ஜிம் ஏறி இறங்கி ஒரு மணி நேரம் ஓரமா நின்னு பாத்தாலே தெரிஞ்சிரும், யார் போன் பாத்துட்டு நிக்கறாங்க, யார் ஆள் மேல கண்ணு வச்சு நிக்கறாங்கன்னு.

அனாடமிக்கு உன் உடம்பே இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு தசை எடுத்துக்க, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, சுருங்கினா எந்த மூட்டு எப்படி அசையுதுன்னு கையை வச்சு தொட்டுப் பாத்து தமிழ்ல உனக்கு நீயே சொல்லு, பேர் மட்டும் இங்கிலீஷ்ல எழுதி வச்சுக்க. பரீட்சைல வாக்கியம் எழுத வேண்டியதில்ல, படிச்சு விடையைத் தேர்ந்தெடுத்தா போதும், படிச்சா புரியும்னு நீயே சொல்லிட்டல்ல. க்ளையண்ட் முக்காவாசிப்பேர் தமிழ்லதான் பேசப் போறாங்க. 40 வயசு பத்தி கேட்டியே, என் வயசு அதைத் தாண்டிருச்சு, என்கிட்ட வர்றவங்களுக்கு அவங்க வயசுக்காரன் ஒருத்தன் சொல்லித்தர்றதுதான் பிடிச்சிருக்கு.

அழகாபுரம்_அக்கா:

சிபிஆர் முதல்ல முடிச்சிரு தம்பி, கோர்ஸுக்கு காசு சேர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ரெட் கிராஸ், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் மாதிரி அமைப்புங்க முதலுதவிப் பயிற்சி நடத்துவாங்க, நம்ம ஊர்ல அடுத்து எப்பன்னு விசாரி, பொம்மை மேல கையை வச்சு அழுத்திப் பழகற மாதிரி இருக்கணும், வீடியோ மட்டும் பாத்து வாங்கற சர்டிபிகேட் வேண்டாம். நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, குறைஞ்சது 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்தணும், கை பழகாம அது வராது.

பிசியோ_ஃபேர்லேண்ட்ஸ்:

அப்பா கை பாதிக்கு மேல ஏறலைன்னு சொன்னீங்களே, அதை அப்படியே விடாதீங்க தம்பி. ராத்திரி அந்தப் பக்கம் படுத்தா வலிக்குதா, சட்டை மாட்ட கஷ்டப்படறாரான்னு கேளுங்க. சுகர் டெஸ்ட் எடுத்து ரொம்ப நாளாச்சுன்னா அதையும் பாத்துருங்க, சுகர் இருக்கறவங்களுக்கு தோள் இறுகிப் போறது ஜாஸ்தி. வலிக்கற அளவுக்கு கையைத் தூக்கி இழுக்க வேண்டாம். ரிப்போர்ட் எடுத்துட்டு அவரையும் கூட்டிட்டு ஒரு எலும்பு டாக்டரையோ பிசியோவையோ பாருங்க, என்ன பயிற்சி குடுக்கறாங்களோ அதை வீட்ல தினமும் சரியா செய்ய வைக்கற பொறுப்பை நீங்க எடுத்துக்கங்க.

அம்மாபேட்டை_தம்பி:

சரிங்க சார். ராத்திரி அந்தப் பக்கம் படுக்கறதே இல்லையாம், அம்மா சொன்னாங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. சனிக்கிழமை கடைல அரை நாள் லீவு கேட்டிருக்கேன், டெஸ்டுக்கு கூட்டிட்டுப் போறேன். மாஸ்டர் அண்ணா, அஸ்தம்பட்டி பக்கம் காலை பார்ட் டைமுக்கு ஆள் எடுக்கற நல்ல எடம் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, 5 மணிக்கு வர்றதுக்கு நான் ரெடி.